துரு நீங்கிய தெரு

கடலுக்கும் உப்பளங்களுக்கும் நடுவே அகப்பட்டுக்கொண்ட அந்தத் தெருவில் இரும்பு என்று பெயருள்ள எதுவும் நெடுநாள் நிலைத்ததில்லை. காலையில் கடலிலிருந்தும் மாலையில் உப்பளத்திலிருந்தும் வீசிய காற்று ஜன்னல் கம்பியைத் தின்றது, கேட்டின் கீலைத் தின்றது, மின்விசிறி தொங்கிய கொக்கியைத் தின்று ஒரு மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு நடுவே விசிறியையே கொண்டுவந்து இறக்கியது. அப்படியும் ஜனங்கள் காற்றின்மேல் வருத்தம் வைக்காமல், தூத்துக்குடிக்குப் போகிறவர்களிடம் ஒரு டப்பா பெயின்ட் வாங்கிவரச் சொல்லிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்த்தார்கள்.

அந்தத் தெருவுக்குத்தான் ரெமிஜியுஸ் ஒரு பழைய காரைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். கைக்கு வேலையில்லாமல் வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தவர். ஒரு காலத்தில் பெரிய அதிகாரிகள் ஏறிப்போன, முதுகு உருண்ட வெள்ளைக் கார் அது. உப்பள முதலாளி ஒருவரின் கொட்டகையில் கோழிகள் அதற்குள் முட்டையிட்டுக்கொண்டிருந்தன. கதவைத் திறந்தால் கதவின் அடிப்பாகம் பொரிபோல உதிர்ந்தது. பின்சீட்டுக்கு முன்னால் கால் வைக்கிற இடத்தில் ஒரு பானை நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்து, கீழே மண் தெரிந்தது.

"மனுசன் ஏறக்கூடிய வண்டியா இது?" என்று கேட்டாள் அவர் மனைவி ஜெசிந்தா. அரசு சுகாதார நிலையத்தில் ரத்தப் பரிசோதனை செய்கிறவள் அவள். விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு எடுப்பதே அவள் பிழைப்பு.

"நம்ம மக அனிட்டா வயித்துப் பிள்ளைய இதுலதான் வீட்டுக்குக் கூட்டிட்டு வரப்போறேன், பாரு" என்றார் ரெமிஜியுஸ்.

வாசலில் கீற்றுப் பந்தல் போட்டு, அதன் நிழலில் அவர் தினமும் வேலை செய்தார். முதலில் கம்பி பிரஷ்ஷால் துருப் பொருக்கைத் தட்டி உதிர்ப்பார், பிறகு உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார், மண்ணெண்ணெய்த் துணியால் துடைப்பார், துருவைக் கொல்லும் மருந்தைத் தடவிக் காயவிட்டு அதன்மேல் ரெட் ஆக்சைடு என்ற சிவப்புப் பூச்சும் பிறகு வெள்ளைப் பெயின்ட்டும் அடிப்பார். ஒருநாள் கதவின் உளுத்த விளிம்பு அவர் பெருவிரலின் அடியைக் கிழித்துவிட்டது. ரத்தம் காரின் கால்படியோரம் ஓடி ஒரு சின்ன ஓட்டைக்குள் இறங்கியது. அவர் வேஸ்ட் துணியைச் சுற்றிக்கொண்டு மிச்ச வேலையை முடித்தார். மறுநாள் காலையில் அந்த ஓட்டையைக் காணவில்லை. அந்த இடத்தில் புதுக் கத்தியின் நிறத்தில், தொட்டால் குளிரும்படி, முழுத் தகடு இருந்தது.

"கார்ப் படியோரத்து ஓட்டை அடைஞ்சிருக்கு" என்றார் அவர், இடியாப்பத்தைப் பிட்டுக்கொண்டே.

"பட்டி வச்சீயளா?"

"இல்ல. தானா அடைஞ்சிருக்கு."

"அப்ப சரி" என்றாள் ஜெசிந்தா. அவளுக்கு பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது.

அதன்பிறகு கார் தானாகவே ஆறத் தொடங்கியது. அவர் தேய்த்துவிட்ட இடம் மறுநாள் பளபளத்தது, தேய்க்காத இடம் அதற்கு அடுத்த நாள் பளபளத்தது, பிறகு காரிலிருந்து அந்த ஆறுதல் இறங்கி நடந்து வீட்டுக் கேட்டுக்குப் போனது, கேட்டிலிருந்து ஜன்னல் கம்பிக்கு, ஜன்னலிலிருந்து பக்கத்து வீட்டுப் பனிமயத்தின் தையல் மெஷினுக்கு, அங்கிருந்து முனைக்கடை தங்கபாண்டியின் ஷட்டருக்கு. பல வருஷமாக இரண்டு பேர் தொங்கினால்தான் இறங்கும் அந்த ஷட்டர் ஒரு விரலுக்கு இறங்கியது. தெருக்காரர்கள் இதில் அதிகம் அதிசயப்படவில்லை. அரிவாள்மணையையும் சைக்கிளையும் வள்ளத்தின் நங்கூரத்தையும் கொண்டுவந்து காரின்மேல் சாய்த்து வைத்தார்கள். யாருடையது முதலில் வந்தது என்பதில்தான் பேச்சு வந்தது. குளிக்காமல் தொடலாமா கூடாதா என்று பெண்கள் விவாதித்து, தொடலாம் என்று முடிவுக்கு வந்தார்கள். கோயில் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார், எல்லா வண்டிக்கும் தெளிப்பதுபோலவே. தெளித்துவிட்டு, தன் மோட்டார் சைக்கிளைக் கொஞ்ச நேரம் பக்கத்தில் நிறுத்தி வைத்திருந்தார்.

ஜெசிந்தாவுக்கு முதல் பயம் ஒரு கண்ணாடித் துண்டின்மேல் வந்தது. அவள் தெருவிலிருந்து தலைசுற்றல் என்று வந்த ஒரு பள்ளிக்கூடப் பெண்ணின் ரத்தத்தைத் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது, சிவப்பாக நிறைந்திருக்க வேண்டிய அணுக்கள் நடுவில் வெளுத்து வெறும் வளையங்களாகக் கிடந்தன. அடுத்த நாள் பனிமயம் வந்தாள். அவள் ரத்தமும் வளையம். வலை இழுக்கும் ஆம்பளைகள் வந்தார்கள், மாடிப்படியில் மூச்சு வாங்குகிறது என்று, அவர்களுடையதும் வளையம். டாக்டரம்மா இரும்புச் சத்து மாத்திரை எழுதினார், மாத்திரை தீர்ந்து திரும்ப வந்தபோது அளவு இன்னும் இறங்கியிருந்தது. ஜெசிந்தா தன் விரலைத் தானே குத்திக்கொண்டாள். வந்த சொட்டு, கழுவிய தண்ணீரில் மிஞ்சிய குங்குமம்போல இருந்தது.

அன்று வீடு திரும்பும்போது அவள் சாக்கடைப் பாலத்தின்மேல் நின்றுவிட்டாள். பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்த தெருவில் ஜன்னல்கள் எப்போதும்போலத் துருப்பிடித்துக் கிடந்தன. அங்கேயிருந்து யாரும் வெளுத்த ரத்தத்தோடு அவளிடம் வந்ததில்லை. பாலத்துக்கு இந்தப் பக்கம் கேட்டுகளும் கம்பிகளும் வெயிலில் மின்னின. இந்தப் பக்கத்து ஜனங்கள்தான் வந்தார்கள். மினுக்கமும் வெளுப்பும் ஒரே சாக்கடையோடு நின்றிருந்தன. கைப்பிடிக் கம்பியைப் பிடிக்கப் போனவள், அதுவும் மினுங்குவதைப் பார்த்துக் கையை எடுத்துக்கொண்டாள்.

ரெமிஜியுஸ் காருக்கடியில் படுத்திருந்தார். அவள் அவரை வெளியே வரச் சொல்லி, கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தாள். நுங்கின் உள்பக்கம்போல வெளுத்திருந்தது.

"இந்தக் கார் நம்ம ரத்தத்துல இருக்க இரும்ப எடுக்குது" என்றாள்.

"தெரியும்" என்றார் அவர்.

"எப்ப இருந்து தெரியும்?"

"மாடிப்படி ஏறையில மூச்சு வாங்குச்சே, அப்ப இருந்து." அவர் கையைத் துணியில் துடைத்தார். "ஆனா இரும்பு எங்கயும் போயிரலயே ஜெசி. நம்ம தெருவுலதான இருக்கு."

அவர் அதை மிகுந்த சாந்தத்தோடு சொன்னார். அவள் அங்கே நிற்காமல் முனைக்கடைக்குப் போய், சாயங்காலம் சாமான் வாங்க வந்திருந்த எல்லாருக்கும் கேட்கும்படி விஷயத்தைச் சொன்னாள். தங்கபாண்டி தராசில் பருப்பை நிறுத்து முடித்த பிறகு, "கொஞ்சம் குடுத்தா என்னக்கா" என்றார். "வருசா வருசம் காத்து நம்மகிட்ட எவ்வளவு எடுத்திருக்கு. இது எடுத்தாலும் திருப்பிக் குடுக்குதுல்லா."

அப்படித்தான் தெரு அதற்குப் பழகிக்கொண்டது. கடையில் பேரீச்சம்பழமும் கருப்பட்டியும் குவிந்தன, முருங்கை மரங்கள் இலையில்லாமல் நின்றன. ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போவதற்குள் இளைப்பு வந்ததால், இடையிடையே பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டு வைத்தார்கள். போகிறவர்கள் உட்கார்ந்து, எழுந்து, அடுத்ததில் உட்கார்ந்து போய்ச் சேர்ந்தார்கள். தண்ணீர்க் குழாயடியில் சண்டை நின்றுபோனது, குரல் உயர்த்த ஒருவருக்கும் தெம்பில்லை. தெருவுக்கு நல்ல குணம் வந்துவிட்டது என்று சொல்லிப் பெருமைப்பட்டார்கள். பிள்ளைகள் மத்தியானம் விளையாடாமல் சுவரோரமாகச் சாய்ந்து உட்கார்ந்து, தங்கள் கேட்டில் தங்கள் முகம் தெரிவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பிள்ளைகளைத் தாண்டிப் போகும்போதெல்லாம் ஜெசிந்தா ஒவ்வொன்றின் மார்பும் ஏறி இறங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தாள். யாருக்கும் பயமில்லாத இடத்தில் தான் ஒருத்தி மட்டும் பயப்படுவதால், தனக்குத்தான் புத்தி பிசகிவிட்டதோ என்றுகூட நினைத்தாள்.

அந்தச் சமயத்தில்தான் அனிட்டா பிரசவத்துக்கு வருவதாக போன் செய்தாள். அவள் புருஷன் கப்பலில் ஏறிவிட்டான்.

"இப்ப வராத" என்றாள் ஜெசிந்தா. "மணப்பாட்டுக்கு, சித்தி வீட்டுக்குப் போ. நான் அங்க வாரேன்."

"பிள்ளப்பேத்துக்கு வாரேன்னு சொல்லுத மகள வராதங்குத அம்மா நீங்க ஒருத்திதான்" என்று சொல்லி அழுதாள் அனிட்டா. அழுதுவிட்டு, மறுநாளே பெட்டியோடு வந்து இறங்கினாள்.

ஜெசிந்தா அவளை உட்காரவைத்து முதல் வேலையாக விரலைக் குத்தினாள். நல்ல சிவப்பு. அந்தத் தெருவில் அப்படி ஒரு சொட்டைப் பார்த்து நெடுநாளாகியிருந்ததால் அவள் அதைத் துடைக்காமல் கொஞ்ச நேரம் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவளை மணப்பாட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவது என்று முடிவு செய்தாள். அதுவரை அவளை வீட்டின் பின்னறையில் வைத்து, கட்டிலை இரும்பிலிருந்து மரத்துக்கு மாற்றி, காரின் பக்கம் போகவிடாமல் பார்த்துக்கொண்டாள்.

சனிக்கிழமை மத்தியானம் குளித்துவிட்டு வந்தபோது பின்னறை காலியாக இருந்தது. அனிட்டா காரின் பின்சீட்டில் கால் நீட்டிப் படுத்திருந்தாள். வெளியே அனல் வீசிய அந்த நேரத்திலும் காருக்குள் கிணற்றுக்குள் இருப்பதுபோலக் குளிர்ச்சி.

"நல்லா இருக்கும்மா இங்க" என்றாள், கண்ணைத் திறக்காமல். "தூக்கம் தூக்கமா வருது."

அவள் படுத்திருந்த சீட்டுக்கு முன்னால்தான் அந்தப் பெரிய ஓட்டை இருந்தது, பானை நுழையும் ஓட்டை. காரில் மற்ற எல்லாம் ஆறிய பிறகும் அது மட்டும் ஆறாமல் நின்றிருந்தது. ஜெசிந்தா குனிந்து பார்த்தாள். ஓட்டையின் விளிம்பு நகர்ந்துகொண்டிருந்தது. கொதிக்க வைத்த பாலில் ஆடை கூடுவதுபோல, சுற்றிலுமிருந்து நடுவை நோக்கி, மெல்லிசாகத் தகடு கூடிவந்தது. அனிட்டா மூச்சை இழுக்கும்போது நின்றது, விடும்போது நகர்ந்தது.

அவள் மகளின் அக்குளில் கை கொடுத்து வெளியே இழுத்தாள். அனிட்டாவால் நிற்க முடியவில்லை. உதடு, நகம், நாக்கு எல்லாம் ஒரே நிறமாக, தாள் நிறமாக ஆகியிருந்தன. ரெமிஜியுஸ் ஓடிவந்து தூக்கினார், ஆட்டோ வந்தது, தூத்துக்குடியில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ரத்தம் ஏற்றினார்கள். ஏற்றியதும் சிவந்தாள், மறுநாள் திரும்ப வெளுத்தாள். இன்னும் ஏற்றினார்கள், அதுவும் போயிற்று. காயமில்லை, கசிவில்லை, எங்கே போகிறது என்று டாக்டர்கள் தேடினார்கள். ஜெசிந்தாவுக்குத் தெரிந்துவிட்டது. ஊரைவிட்டு வந்தாலும் கார் விடவில்லை. ஒருதடவை வாய் வைத்துவிட்ட இடத்திலிருந்து அது எத்தனை தூரத்திலும் உறிஞ்சும். வயிற்றுப் பிள்ளையின் துடிப்பு குறைகிறது என்று நர்ஸ் சொன்னபோது, அவள் மணப்பாட்டிலிருந்து வந்திருந்த தங்கையை மகளின் தலைமாட்டில் உட்காரவைத்துவிட்டு, பஸ் ஏறித் தெருவுக்கு வந்தாள். வழியெல்லாம் அவள் பற்கள் அடித்துக்கொண்டன. பக்கத்தில் இருந்தவர் குளிர்காய்ச்சலா என்று கேட்டார்.

ஆஸ்பத்திரியிலிருந்து முன்பே திரும்பியிருந்த ரெமிஜியுஸ் பந்தலில் காரின் முன் உட்கார்ந்திருந்தார். ஓட்டை ஒரு சொம்பின் வாயளவுக்குச் சுருங்கியிருந்தது. காரைத் திரும்பத் துருப்பிடிக்க வைத்துவிட வேண்டும் என்று ஜெசிந்தா குடங்களை எடுத்துக்கொண்டு தெருக்கோடியில் இருந்த உப்பளத்துக்குப் போனாள். உப்பு வாரிய பிறகு பாத்தியில் மிஞ்சிக் கிடக்கும் கசப்புத் தண்ணீரை, காலில் பட்டால் தோல் வெடிக்கும் தண்ணீரை மொண்டு, இரண்டு நாற்காலியில் இளைப்பாறிச் சுமந்துவந்து காரின்மேல் ஊற்றினாள். தண்ணீர் வழிந்து போனது. கார் ஒன்றும் ஆகாமல் மினுங்கியது. அவள் திரும்பப் போனாள்.

"ஜெசி, வேண்டாம்" என்றார் ரெமிஜியுஸ். "இன்னும் ஒரு ஓட்டைதான். அது அடைஞ்சிட்டா பசி நின்னுரும்."

"அது அடையுறப்ப நம்ம பிள்ள இருக்க மாட்டா" என்றாள் அவள்.

அதற்குள் தெரு கூடிவிட்டது. ஒவ்வொருவராக நாற்காலிகளில் உட்கார்ந்து எழுந்து வந்து சேர நேரமானது. தங்கபாண்டி அவள் குடத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். முரட்டுத்தனமாக இல்லை, அவருக்கும் பலமில்லை.

"யக்கா, ஒங்க ஒரு பிள்ளைக்காக எங்க தெருவே திரும்பத் துருப்பிடிக்கணுமா?"

"எனக்குப் பயமா இருக்கு அண்ணாச்சி" என்றாள் ஜெசிந்தா. "ஒங்களுக்கு ஏன் பயமா இல்லன்னு நினைச்சா இன்னும் பயமா இருக்கு."

அவர் குடத்தை விட்டார். ஆனால் யாரும் உதவிக்கு அசையவில்லை. அப்போது பனிமயம் கூட்டத்திலிருந்து பிரிந்து தன் வீட்டுக்குள் போனாள். தையல் மெஷின் ஒன்றுதான் அவளுக்குச் சோறு. அது சத்தமில்லாமல் ஓட ஆரம்பித்த பிறகுதான் அவளுக்கு நல்ல துணிகள் தைக்க வந்தன. அவள் ஒரு பிளாஸ்டிக் வாளியோடு வெளியே வந்து, யாரையும் பார்க்காமல், உப்பளத்தைப் பார்த்து நடந்தாள். போகும்போது இரண்டு இடத்தில் உட்கார்ந்தாள், வரும்போது வழியெங்கும் உட்கார்ந்தாள். கொண்டுவந்த அரைவாளித் தண்ணீரைக் காரின் கூரைமேல் ஊற்றிவிட்டு மூச்சு வாங்க நின்றாள்.

"வழிஞ்சி போயிருது" என்றாள் ரெமிஜியுஸைப் பார்த்து. "பெயின்ட்டுக்கு மேல ஊத்தி என்ன பிரயோஜனம்."

ரெமிஜியுஸ் எழுந்து, டப்பாவிலிருந்து மிகச் சொரசொரப்பான உப்புத்தாளை எடுத்து, தான் மாதக்கணக்கில் ஒவ்வொரு பூச்சாகப் பூசிய வெள்ளையைத் தேய்த்து எடுக்கத் தொடங்கினார். அடியில் இருந்த சிவப்பையும் தேய்த்தார். வெறும் இரும்பு தெரிந்ததும் நகர்ந்துகொண்டார். அந்த இடத்தில் ஜெசிந்தா தண்ணீர் விட்டாள். அவர் அழுதுகொண்டே தேய்த்தார், கை நிற்கவில்லை. கொஞ்ச நேரத்தில் வலைக்காரர்கள் இரண்டு பேர் குடம் எடுத்தார்கள், பிறகு பள்ளிக்கூடப் பெண்ணின் தாய், பிறகு ஒருவருக்குப் பின் ஒருவராக, நாற்காலிக்கு நாற்காலி குடத்தைக் கைமாற்றி, அந்தத் தெரு தன் மெதுவான நடையில் உப்பளத்தைக் காரின்மேல் கொண்டுவந்து ஊற்றியது. தங்கபாண்டி மட்டும் கடைக்குத் திரும்பிப் போய்விட்டார். பொழுது சாயும்போது முன் கதவின் மூலையில், தேநீர் சிந்தியதுபோல, முதல் துருப் புள்ளி எழுந்தது.

ஜெசிந்தா தங்கைக்கு போன் போட்டாள். "நகத்தப் பாரு. என்ன நெறம்?"

தங்கை பார்த்துச் சொல்வதற்குள் ஜெசிந்தா தன் வாழ்நாளில் செய்த ஜெபங்களெல்லாம் மறந்துபோய் வெறுமனே நின்றாள்.

"அப்படியேதான் இருக்கு" என்றாள் தங்கை. பிறகு, "இரு. அமுக்கிப் பாக்கேன். அமுக்கிவிட்டா லேசா சிவக்குது."

ஆண் குழந்தை பிறந்தது, எடை குறைவாக, ஆனால் அடிவயிற்றிலிருந்து அழுகிற குழந்தை. தாயும் பிள்ளையும் மணப்பாட்டில் தங்கினார்கள். தெருவில் கம்பிகள் பழையபடி உளுத்தன, பனிமயத்தின் மெஷின் பழையபடி கடகடத்தது, மைக்ராஸ்கோப்பில் வளையங்கள் மெல்ல மெல்ல நிறைந்தன. தங்கபாண்டி நெடுநாள் ஜெசிந்தாவிடம் பேசவில்லை. அவள் வந்தால் மௌனமாகச் சாமானை நிறுத்துக் கொடுத்தார். காரின்மேல் தண்ணீர் ஊற்றுவது மட்டும் நிற்கவில்லை. நிறுத்தினால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாததால், வீட்டுக்கு ஒரு நாள் என்று முறைபோட்டு ஊற்றினார்கள், வாசல் தெளிப்பதுபோல, அதைப் பற்றிப் பேசாமல்.

அடுத்த கோடையில் பழைய இரும்பு எடுக்கிற வியாபாரி ஒருவன் லாரியோடு அந்தப் பக்கம் வந்தான். காரைச் சுற்றி நடந்து, கதவைத் தட்டிப் பார்த்து, நல்ல கனம் என்றான். இத்தனை துருவுக்கும் உள்ளே இரும்பு சாகவில்லை, விலை பேசலாமா என்று கேட்டான். ரெமிஜியுஸ் மனைவியைப் பார்த்தார். ஜெசிந்தாவுக்கு ஒரு கணம் நெஞ்சு லேசானது. அந்த லாரி அதைத் தூக்கிக்கொண்டு பாலத்தைத் தாண்டிப் போவதையும், தான் அன்று ராத்திரி முழுக்கத் தூங்குவதையும் அவள் கண்ணால் பார்த்ததுபோலப் பார்த்தாள்.

"எங்க கொண்டு போவீங்க தம்பி?"

"எங்க ஊருக்குத்தான். கோவில்பட்டிப் பக்கம். வீட்டு வாசல்ல போட்டு வச்சு, மெதுவா உடைப்போம்."

"தெருவுல பிள்ளைங்க உண்டா?"

அவன் சிரித்தான். "பிள்ளைங்க இல்லாம தெரு உண்டாக்கா?"

"அப்ப வேண்டாம்" என்றாள் ஜெசிந்தா. அவன் கை இன்னும் காரின்மேல் இருந்தது. அவள் அந்தக் கையை மெல்லப் பிடித்து எடுத்துவிட்டாள். பிறகு வாளியை எடுத்துக்கொண்டு உப்பளத்துக்கு நடந்தாள், அன்று அவர்கள் வீட்டு முறை இல்லாதபோதும்.